கோர்ட் கட்டணத்தை நம்பிப் பாதுகாப்புத் திட்டம் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சாஸில் பெரும்பாலான நகராட்சிகளுக்கு அக்டோபர் 1-தான் நிதியாண்டின் முதல் நாள். அதனால் ஜூன், ஜூலை வந்தாலே பட்ஜெட் அறைகளில் அனல் பறக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும், நகர மன்ற ஆலோசனைக் குழுக்களுக்குப் புதிதாக வந்தவர்களும் (டல்லாஸ் பக்கம் இப்போது நம்மவர்களும் இதில் உண்டு) முனிசிபல் கோர்ட் (போக்குவரத்து மீறல் போன்ற சிறு குற்றங்களை விசாரிக்கும் நகராட்சிக் கோர்ட்) வரவைப் பார்த்ததும் ஒரே மாதிரி தப்புக் கணக்குப் போடுகிறார்கள். நாங்களும் ஒரு காலத்தில் போட்ட கணக்குதான். கூட்டல் பிழை, தேதிப் பிழை எல்லாம் எக்செல்லே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

14 டாலரையும் ஒரே பையில் போடுவது

2020 ஜனவரி 1 முதல், சிறைத் தண்டனை இல்லாத சிறு குற்றங்களில் குற்றவாளி என்று தீர்ப்பானவர், அபராதம் போக, உள்ளூர்க் கோர்ட் கட்டணமாக 14 டாலர் கட்ட வேண்டும். அதில் 5 டாலர் சிறார் திட்ட நிதிக்கு, 4.90 டாலர் கோர்ட் கட்டடப் பாதுகாப்புக்கு, 4 டாலர் கோர்ட்டின் கணினிச் செலவுக்கு, 10 சென்ட் ஜூரி நிதிக்கு. பாதுகாப்பு நிதியில் மெட்டல் டிடெக்டர் வாங்கலாம், குண்டு துளைக்காத கண்ணாடி போடலாம், கோர்ட்டில் காவலுக்கு நிற்பவருக்குச் சம்பளம் கொடுக்கலாம். ரோந்துக் காருக்குக் கேமரா வாங்க முடியாது. வருஷா வருஷம் யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்கிறார்.

மாநிலத்தின் 62 டாலரை நம் வரவில் எழுதுவது

அதே தீர்ப்புகளில் மாநிலத்துக்காக நாம் வசூலிக்கும் 62 டாலர் கட்டணம் நம் பணம் இல்லை. காலாண்டு முடிந்த மறுமாதக் கடைசிக்குள் மாநிலக் கஜானாவைக் கவனிக்கும் கம்ப்ட்ரோலருக்கு அனுப்பிவிட்டால் 10 சதவீதம் நம்மிடம் நிற்கும். தாமதித்தால் அதுவும் போச்சு.

வசூலை நம்பி ஆளை வேலைக்கு வைப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். சட்டமே இதற்கு இடம் கொடுத்திருப்பதால் தவறு என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. சின்னச் சின்னக் குற்றங்களுக்காகக் கோர்ட்டுக்கு வரும் பிள்ளைகளைக் கவனித்து நல்வழிக்குத் திருப்பிவிடும் ஜுவனைல் கேஸ் மேனேஜருக்கு, அந்த 5 டாலர் நிதியிலிருந்து சம்பளம், பயிற்சி, பயணச் செலவு எல்லாம் கொடுக்கலாம். உண்மையிலேயே நல்ல வேலை, எல்லா ஊரிலும் இருக்க வேண்டிய வேலை.

போன கோடையில் அலுவலகத்துத் தம்பி ஒருவர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். எக்செல்லில் ஒரு கட்டத்தில் டிக்கெட் (போலீஸ் கொடுக்கும் அபராதச் சீட்டு) 15,000, பக்கத்தில் 5 டாலர், அதன் கீழே 75,000. அடுத்த வரியில் கேஸ் மேனேஜரின் சம்பளமும் சலுகைகளும்: 75,000. மிச்சம் பூஜ்யம் என்ற கட்டத்துக்குப் பச்சை நிறம் வேறு அடித்திருந்தார்.

"அண்ணா, டாலி ஆயிடுச்சு."

"இந்தப் பதினஞ்சாயிரத்துல எத்தனை பேர் கட்டுனாங்க?"

"டிக்கெட் வாங்குனா கட்டித்தானே ஆகணும்?"

இல்லை. வண்டிப் பதிவு காலாவதியானதற்கு டிக்கெட் வாங்கியவர் 20 வேலை நாளுக்குள் புதுப்பித்துவிட்டால், அதிகபட்சம் 20 டாலர் வாங்கிக்கொண்டு நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்யலாம். இந்த 14 டாலர் வராது. காரை நிறுத்தியபோது இன்ஷூரன்ஸ் இருந்தது என்று பின்னால் நிரூபித்தாலும் தள்ளுபடிதான். கையில் காசில்லாதவர் சமூக சேவை செய்து கழிக்கலாம், அதற்கும் வழியில்லாதவருக்கு நீதிபதி விட்டுக்கொடுக்கலாம். கட்ட வழியே இல்லாதவரைக் கட்டவில்லை என்பதற்காக மட்டும் சிறையில் போடக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1983-லேயே சொல்லிவிட்டது. அப்புறம் தவணையில் கட்டுபவர்கள், கோர்ட் பக்கமே வராதவர்கள். டிக்கெட் எண்ணிக்கைக்கும் கல்லாவில் விழும் பணத்துக்கும் நடுவே இத்தனை ஓட்டை.

சரி, வசூலாவதை மட்டும் எடுத்துக்கொண்டால்? அதுவும் நிலையில்லாதது. 2020-ல் சாலைகள் வெறிச்சோடின, டிக்கெட் சரிந்தது, கோர்ட் வசூலும் கூடவே சரிந்தது. சம்பளத் தேதி மட்டும் மாறவில்லை. எனக்குத் தெரிந்த ஓர் ஊரில், பள்ளி வாசலில் பிள்ளைகளைச் சாலை கடக்கவைக்கும் கிராசிங் கார்டுகளுக்கான கூலியைப் பள்ளி மண்டல டிக்கெட்டுகளின் மேல் விழும் 25 டாலர் கட்டணத்தில் கட்டிவைத்திருந்தார்கள். பள்ளி மறுபடி திறந்தபோது நிதி காலி. எந்தச் சந்திப்பில் ஆளைக் குறைப்பது என்று வரைபடத்தை விரித்து வைத்துப் பேசவேண்டி வந்தது. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. கிராசிங் கார்டு தன் வேலையைச் சரியாகச் செய்து, ஓட்டுநர்களும் அடங்கி ஓட்டினால், அவருடைய கூலிக்கான பணம்தான் முதலில் வற்றும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு கவுன்சில் உறுப்பினர் போலீஸ் தலைமை அதிகாரியிடம், "டிக்கெட் ஏன் குறைந்திருக்கிறது?" என்று கேட்டார். விபத்து கூடியதா குறைந்ததா என்று அவர் கேட்கவில்லை. இந்தக் கேள்விதான் எனக்குப் பயம். மிசௌரியின் ஃபெர்குசனில் இதே கேள்வியை வருஷக்கணக்கில் கேட்டார்கள். 2015 மார்ச்சில் அமெரிக்க நீதித் துறை வெளியிட்ட அறிக்கையைப் படித்துப் பாருங்கள். அந்த ஊரின் 2015 நிதியாண்டு பட்ஜெட்டில் 132.6 லட்சம் டாலர் பொது வரவில் 30.9 லட்சம் அபராதமும் கட்டணமும். 2007-ல் காரைத் தப்பான இடத்தில் நிறுத்திய ஒரு பெண்ணுக்கு 151 டாலரும் கட்டணங்களும் விதித்தார்கள். ஏழு வருஷத்தில் அவர் 550 டாலர் கட்டினார், இரண்டு முறை கைதானார், ஆறு நாள் சிறையில் இருந்தார். 2014 டிசம்பரில் இன்னும் 541 டாலர் பாக்கி. பட்ஜெட்டில் ஒரு வரி நிரம்ப வேண்டும் என்ற அவசரம் ஒரு பார்க்கிங் சீட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

நான் சொல்லும் வழி இது. ஆளின் சம்பளத்தைப் பொது நிதியில் போடுங்கள். வருஷக் கடைசியில், சிறார் நிதியில் உண்மையிலேயே எவ்வளவு வந்ததோ அதைப் பொது நிதிக்கு ஈடாக மாற்றுங்கள். வராவிட்டால் நகராட்சிதான் தாங்க வேண்டும். தாங்க முடியாதென்றால் அந்தப் பதவியை உருவாக்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. மதிப்பீட்டுக்குக் கடந்த சில வருஷங்களில் எது மோசமான வருஷமோ அதை எடுங்கள், சராசரி வேண்டாம். ஒரு தடவைச் செலவுகளான எச்சரிக்கை விளக்கு, பலகை, பயிற்சி வகுப்பு எல்லாம் ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் இருப்பிலிருந்து போகட்டும். தம்பி பச்சைக் கட்டத்தை அழித்துவிட்டு மறுபடி போட்டார். ஐந்தில் இரண்டு பங்கு சம்பளத்துக்குத்தான் பணம் இருந்தது.

நீதிபதிக்கு இலக்கு வைப்பது

கோர்ட்டிடம் "வரும் ஆண்டில் எவ்வளவு வரும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்கலாம், பட்ஜெட்டுக்கு மதிப்பீடு கேட்க டெக்சாஸ் போக்குவரத்துச் சட்டத்திலேயே இடம் உண்டு. "இவ்வளவு வசூலாக வேண்டும்" என்று நீதிபதியிடம் சொல்லக் கூடாது, போலீஸ்காரருக்கு டிக்கெட் கோட்டா வைக்கவும் கூடாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் மீறினால் அது பதவி பறிபோகும் குற்றம். மின்னஞ்சலில் விளையாட்டுக்குக்கூட எழுதிவிடாதீர்கள்.

எந்த நல்ல காரியத்துக்கும் கட்டணம் போடலாம் என்று நினைப்பது

2017-ல் சலினாஸ் வழக்கில் டெக்சாஸின் உயர் குற்றவியல் நீதிமன்றம், மாநிலத்தின் 133 டாலர் கோர்ட் கட்டணத்துக்குள் இருந்த இரண்டு பங்குகளை ரத்து செய்தது. ஒன்று, துன்புறுத்தப்பட்ட குழந்தைகளுக்கான ஆலோசனை என்ற பெயரில் இருந்தது. பெயர் அப்படி, பணம் போய்ச் சேர்ந்ததோ பொதுக் கஜானாவில். குற்றவியல் நீதி சார்ந்த வேலைக்குப் போகாத பணத்தைக் கோர்ட் வழியாக வசூலித்தால் கோர்ட் வரி வசூல் அலுவலகமாகிவிடும் என்பதுதான் அங்கே வாதம்.

ஊரில் 5,000 பேருக்கும் குறைவு என்றால்

போக்குவரத்து அபராதம் முந்தின வருஷ வரவில் 30 சதவீதத்தைத் தாண்டினால், அதற்கு மேல் வருவது மாநிலத்துக்கு. ஒவ்வொரு அபராதத்திலும் 1 டாலர்தான் உங்களுக்கு.