பாட்டு பிளேயரைப் பாழாக்கும் பழக்கங்கள்

பாட்டுக்கென்றே தனியாக ஒரு சின்னக் கருவி வைத்துக்கொள்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும். நடுவில் அழைப்பு வராது, இணையம் தேவையில்லை, போனில் சார்ஜும் தீராது. பல வருடம் உழைக்க வேண்டிய பிளேயர் பாதியிலேயே படுத்துவிடுகிறது என்றால், பெரும்பாலும் அதற்கு நாம் வைத்துப் புழங்கும் விதம்தான் காரணம்.

பேட்டரியில்தான் அதிகம் தவறுகிறோம். கொஞ்ச நாள் ஆசையாகக் கேட்டுவிட்டு, சார்ஜ் தீர்ந்ததும் அப்படியே மேசை டிராயரில் போட்டுவிடுகிறோம். லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தாலும் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே காலியாக இருப்பது இன்னும் கீழே போனால் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று அதைத் துண்டித்துவிடும். ஒரு வருடம் கழித்து எடுத்து எந்தச் சார்ஜரில் போட்டாலும் உயிர் வராமல் போகலாம். எடுத்து வைக்கப் போகிறீர்கள் என்றால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள். முழுசாக ஏற்றி வைப்பதும் வேண்டாம்; நிறைந்த சார்ஜும் சூடும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் கிழடாகிவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது அதனால்தான்.

“முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்” என்று இன்னும் சிலர் சொல்வார்கள். அது நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்த காலத்துப் பேச்சு. இப்போதைய பேட்டரிக்கு அது கெடுதல்தான். திரை லேசாக மேலெழும்பி ஓரத்தில் இடுக்கு தெரிந்தால் பேட்டரி உப்பிவிட்டது என்று பொருள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள், பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். ஆப்பிளின் பாட்டு பிளேயரான ஐபாடைப் பழையதாக வாங்க நினைப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஆப்பிள் 2022 மே மாதத்தோடு ஐபாட் வரிசையை நிறுத்திவிட்டது. அதனால் கைக்கு வரும் எதிலும் பேட்டரிக்கு வயதாகியிருக்கும். விலை பேசும்போதே பேட்டரி மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது என் நெஞ்சில் இன்னும் உறுத்துவது. ஒருமுறை பாட்டுகள் ஏறிக்கொண்டிருக்கும்போதே அவசரத்தில் கேபிளைப் பிடுங்கினேன். பிளேயரைத் திறந்தால் பட்டியல் காலி. சிடிகளை ஒவ்வொன்றாகப் போட்டு மாதக்கணக்கில் சேர்த்த பாட்டுகள் அதில் மட்டும்தான் இருந்தன. கணினியில் ‘பாதுகாப்பாக நீக்கு’ என்று ஒன்று இருப்பது காரணமாகத்தான்: எழுதி முடித்துவிட்டதாகத் திரை காட்டினாலும் உள்ளே எழுதுவது பாக்கி இருக்கலாம். அதைவிட முக்கியம், பிளேயரைச் சேமிப்புக் கிடங்காக நினைக்காமல் இருப்பது. மூலக் கோப்புகள் கணினியிலும் வேறொரு டிஸ்க்கிலும் இருக்கட்டும். பிளேயரில் இருப்பது நகலாக மட்டுமே இருக்க வேண்டும்.

மெமரி கார்டு வாங்கும்போதும் ஒரு பொறி உண்டு. 32 ஜிபி வரையிலான கார்டுகள் பொதுவாக ஃபேட்32 என்ற, கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையில் வரும். 64 ஜிபியும் அதற்கு மேலும் எக்ஸ்ஃபேட். பழைய பிளேயர்கள் பலவற்றுக்கு இரண்டாவது புரியாது. கார்டு பழுது என்று தூக்கிப் போடுவதற்கு முன் கணினியில் ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து பாருங்கள். போலிக் கார்டு வேறு கதை: 256 ஜிபி என்று காட்டும், உண்மையில் அதில் ஒரு பங்குதான் இருக்கும், நிறைந்ததும் பாட்டுகள் சிதையத் தொடங்கும். வாங்கியவுடனே முழுக் கொள்ளளவையும் எழுதிச் சோதித்துவிடுங்கள்.

அப்புறம் இந்தக் கோப்பு மாற்றும் ஆசை. 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3ஐ, ஒலியை வெட்டாமல் சேமிக்கும் ஃபிளாக் கோப்பாக மாற்றினால் ஒலி தெளிவாகும் என்று நம்பி இரவெல்லாம் மாற்றுகிறவர்கள் உண்டு. எம்பி3 ஆக்கும்போது வெட்டி எறியப்பட்ட ஒலி அதோடு போனதுதான், திரும்பி வராது. சுமார் 4 எம்பி இருந்த நான்கு நிமிடப் பாட்டு பல மடங்கு பெருத்து இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். நல்ல ஒலி வேண்டுமானால் சிடியிலிருந்தோ மூலத்திலிருந்தோ புதிதாக எடுக்க வேண்டும். ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் சமநிலைப்படுத்தியிலும் (ஈக்வலைசர்) இதே மாதிரி ஒரு பிழை. பாஸ் (அடித்தொனி) வேண்டும் என்று அந்தப் பட்டையை உச்சிக்கு ஏற்றினால் ஒலி கிழியும். மற்றவற்றைக் கொஞ்சம் இறக்குங்கள், பாஸ் தானாக மேலே தெரியும்.

காது விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். உலக சுகாதார அமைப்பு சொல்வது, 80 டெசிபல் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்; 90 டெசிபலில் வாரம் முழுக்கச் சேர்த்தே 4 மணி நேரம்தான். வெளிச் சத்தத்தை அமுக்கத்தான் பலரும் ஒலியைக் கூட்டுகிறார்கள். காதை நன்றாக அடைக்கும் இயர்போன் இருந்தால் அதற்கு வேலையே இல்லை. காதில் விண்ணென்று இரைச்சல் மிஞ்சினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இடது பக்கம் ஒலி விட்டுவிட்டு வருகிறதா? நானும் இயர்போன் போய்விட்டது என்று புதிதாக வாங்கினேன். அதிலும் அப்படியே. பிறகு விளக்கைப் பிடித்து ஜாக் துளைக்குள் பார்த்தால், சட்டைப் பையின் பஞ்சு அடியில் சுருண்டு கெட்டியாக அமர்ந்திருந்தது. பிளேயரை அணைத்துவிட்டு, மரப் பல்குத்தியால் ஓரமாக நெம்பி எடுத்தேன். உலோக ஊசி விடாதீர்கள், உள்ளிருக்கும் தொடுமுனை வளைந்துவிடும். பிளக் அடிவரை போய் ‘டிக்’ என்று உட்கார்ந்தது, இரண்டு பக்கமும் பாடியது.