புல்தரையை அறுத்து வீடு கட்டும் முறை: நெப்ராஸ்கா குடியேறிகளின் மண்வீடு

1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட குடியேற்ற நிலச் சட்டத்தின்படி, அமெரிக்காவின் புல்வெளியில் ஒரு குடும்பம் 160 ஏக்கர் நிலத்தைப் பெற முடிந்தது. ஆனால் ஐந்து ஆண்டுகள் அங்கேயே வீடு கட்டிக் குடியிருந்து பயிர் செய்தால்தான் அது சொந்தமானது. நெப்ராஸ்காவின் கஸ்டர் மாவட்டம் போன்ற பகுதிகளில் ஆற்றோரம் தவிர மரமே இல்லை. விலைக்கு வாங்கும் பலகையையும் தொலைவிலுள்ள ரயில் நிலையத்திலிருந்து வண்டியில் ஏற்றி வர வேண்டியிருந்தது. ஆகவே குடியேறிகள் காலடியில் கிடந்த புல்தரையையே பத்தை பத்தையாக அறுத்துச் சுவராக அடுக்கினார்கள்.

அந்தப் புல்தரை யாருக்கும் உரியதல்லாத நிலம் அன்று. லூப், பிளாட் ஆறுகளின் கரைகளில் தலைமுறை தலைமுறையாக மக்காச்சோளம் விளைவித்து வாழ்ந்த பானி என்னும் பூர்வகுடி மக்கள் 1870-களின் நடுவில் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு அகற்றப்பட்டார்கள். இந்த வீடுகளின் வரலாற்றைப் படிப்பவர் அதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இம்முறையைச் செய்து பார்க்க விரும்புவோர் ஒரு கொட்டகையளவில் தொடங்கலாம். உழவு படாத பழைய புல்வெளி இன்று மிகச் சிறிதளவே எஞ்சியிருப்பதால் அதை வெட்டவே கூடாது. வேறு பணிக்காக எப்படியும் தோண்டப்படவிருக்கும் மேய்ச்சல் நிலத்தையே பயன்படுத்துங்கள்.

படி 1: புல்லைத் தேர்ந்தெடுத்தல்

பத்தைக்கு உறுதி தருவது மண் அன்று, வேர். எருமைப்புல், நீலத்தண்டுப்புல், தாழ்நிலத்தில் வளரும் முரட்டுப்புல் ஆகியவற்றின் வேர்கள் வலைபோலப் பின்னி மண்ணை இறுகப் பிடித்துக்கொள்வதால் குடியேறிகள் அவற்றை நாடினார்கள். மணற்பாங்கான நிலத்தின் பத்தை தூக்கும்போதே உதிர்ந்துவிடும். ஒரு பத்தையை வெட்டி, ஒரு முனையை மட்டும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். நடுவில் பிளந்தால் அந்த இடம் வேண்டாம்.

படி 2: அறுத்தல்

மழை பெய்து நிலம் ஈரமாக இருக்கும்போது அறுக்க வேண்டும். சாதாரணக் கலப்பை மண்ணைப் புரட்டி உடைத்துவிடும் என்பதால், புரட்டும் பலகைக்குப் பதிலாக இரும்புக் கம்பிகள் பொருத்திய தனிக் கலப்பையைப் பயன்படுத்தினார்கள். அது தரையைச் சுமார் 4 அங்குல ஆழத்தில், ஓரடி அகலப் பட்டையாக அறுத்து, உடையாமல் பக்கத்தில் கிடத்தும். கலப்பை இல்லாதவர்கள் கயிறு கட்டிக் கோடு போட்டு, கூரான மண்வெட்டியால் அறுக்கலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். பட்டையை 2 முதல் 3 அடி நீளத் துண்டுகளாக்குங்கள். மூன்றடித் துண்டு ஒன்று 20 கிலோவுக்குக் குறையாது.

அன்று அடுக்கக்கூடிய அளவை மட்டுமே அன்று அறுக்க வேண்டும். காய்ந்த பத்தை சுருங்கி விளிம்பு உதிரும். ஈரப் பத்தையோ கீழ்வரியோடு ஒட்டிப் படியும்.

படி 3: சுவர் எழுப்புதல்

வெளியளவு 20 அடிக்கு 16 அடி, சுவர்க்கனம் 2 அடி, உயரம் 8 அடி என்று வைத்துக்கொண்டால் மூன்றடிப் பத்தைகள் ஏறத்தாழ ஆயிரம் தேவைப்படும். பனிக்காற்று வடக்கிலிருந்து வரும் என்பதால் வாசலைத் தெற்கே வைத்து மனையை அளந்து, அங்குள்ள புல்லைச் செதுக்கி, தரையை மட்டம் பார்த்துத் திமிசு போட்டு இறுக்குங்கள்.

பத்தைகளைப் புல் கீழே, வேர் மேலே இருக்குமாறு கவிழ்த்து வைக்க வேண்டும். இரண்டு பத்தைகள் அருகருகே நெடுக்காகச் செல்ல, மேல்வரியின் இணைப்பு கீழ்வரியின் இணைப்புக்கு நேராக வராமல் தள்ளித் தள்ளி அடுக்குங்கள். மூன்று அல்லது நான்கு வரிக்கு ஒருமுறை பத்தைகளைக் குறுக்காக வைத்தால்தான் சுவரின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றாகப் பிணைந்து நிற்கும்; இதை விட்டுவிட்டால் நாளடைவில் சுவர் இரண்டாகப் பிளந்து சாயும். இடுக்குகளைப் பொடிமண்ணால் நிரப்பி, வரிதோறும் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள்.

படி 4: நிலையும் சன்னலும்

சுவர் எழும்போதே மரச்சட்டங்களை நிறுத்தி, அவற்றைத் துளையிட்டு, மரமுளைகளைப் பத்தைக்குள் அடித்து இறுக்க வேண்டும். புதியவர்கள் தவறுவது இதற்கு அடுத்த வேலையில்தான். பத்தைச் சுவர் தன் பாரத்தாலேயே மாதக்கணக்கில் அமுங்கும் என்பதால், சட்டத்தின் மேல் சில அங்குலம் இடைவெளி விட்டு, அதற்கு மேலே பலகை பாவி, இடைவெளியைப் புல்லோ கந்தைத் துணியோ கொண்டு அடைக்க வேண்டும். இடம் விடாவிட்டால் இறங்கும் சுவர் சட்டத்தை வளைத்துக் கண்ணாடியை நொறுக்கும். அன்று கண்ணாடி காசு கொடுத்து வாங்கிய அரும்பொருள்.

படி 5: கூரை

இரு முனைகளிலும் கவைக்கால் நட்டு, முகட்டு மரத்தை ஏற்றி, கைமரங்களைச் சாய்த்து, குச்சியும் உலர்புல்லும் பரப்பி, மெல்லிய பத்தைகளை மேலே போடுங்கள். ஈரம் ஏறிய கூரையின் பாரம் மிகப் பெரிது. முகட்டு மரத்தில் சிக்கனம் வேண்டாம். பெருமழையில் இக்கூரை ஒழுகும், மழை நின்ற பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும். மண்ணும் பூச்சியும் சில வேளை பாம்பும் சோற்றில் விழாதிருக்கப் பெண்கள் உள்ளே மஸ்லின் துணியை விதானமாகக் கட்டினார்கள்.

படி 6: உள்வேலையும் குடியிருப்பும்

உள்சுவரைக் கூரிய மண்வெட்டியால் சீவி, களிமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசி, வசதியிருந்தால் வெள்ளையடியுங்கள். இரண்டடிக் கனச் சுவர் கோடையில் குளிர்ச்சியையும் பனிக்காலத்தில் கதகதப்பையும் தரும். ஆழமான சன்னல் திட்டில் பூச்செடி வைத்தார்கள். 1886 முதல் ஒளிப்படக் கலைஞர் சாலமன் புட்சர் கஸ்டர் மாவட்டத்தில் எடுத்த படங்களில் இத்தகைய வீடுகளின் முன் குடும்பங்கள் தங்கள் நல்ல உடையோடும் கால்நடைகளோடும் நிற்பதைக் காணலாம்.

அடுப்புக்கு விறகு கிடையாது. புல்வெளியில் காய்ந்து கிடந்த காட்டெருமைச் சாணத்தையும், பின்னர் மாட்டுச் சாணத்தையும், முறுக்கிய உலர்புல்லையும் எரித்தார்கள். முதல் ஆண்டு, புரட்டிப்போட்ட தரையைக் கோடரியால் பிளந்து அப்பிளவில் மக்காச்சோளம் விதைத்தார்கள். அடியில் கிடந்த வேர்கள் மட்கிய பிறகுதான் மண் பொலபொலப்பானது.

ஐந்து ஆண்டுகள் முடிந்ததும், நிலம் கோரியவர் அக்கம்பக்கத்தார் இருவரைச் சாட்சிகளாக அழைத்துக்கொண்டு நில அலுவலகம் சென்றார். அவர் அங்கே குடியிருந்தார், பயிர் செய்தார் என்பதற்கு அவர்கள் உறுதி கூற வேண்டும். புல்லால் கட்டிய அந்த வீட்டின் அளவும் சாட்சியப் படிவத்தில் எழுதப்பட்டது.