இந்தியப் பாஸ்போர்ட்டோடு பிரிட்டனில் ஓட்டுப் போடுவது எப்படி

2024 ஜூலை 4 பொதுத்தேர்தல் அன்று கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபர்டில் நான் ஓட்டுப் போட்டபோது கையில் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட். "நமக்கு இங்கே ஏது ஓட்டு?" என்று வீட்டிலேயே கேட்டார்கள். உண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா என எந்தக் காமன்வெல்த் நாட்டுக் குடிமகனாக இருந்தாலும், 18 வயதாகி, செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசித்தால் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போடலாம். இது தெரியாமலே ஒரு தேர்தலை விட்டுவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

முதலில் பெயரைப் பதியுங்கள். அரசு இணையதளத்தில், வேலைக்கும் வரிக்கும் இங்கே தரும் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணோடு போனால் சில நிமிட வேலை. தேர்தலுக்கு 12 வேலை நாள் முன்னாலேயே பதிவு முடிந்துவிடும். அந்த முறை ஜூன் 18. கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளாட்சி வரி கட்டுகிறோமே என்று இருந்துவிடாதீர்கள், அதனால் பெயர் தானாக ஏறாது. வீடு மாறினால் மறுபடி பதிய வேண்டும்.

அப்புறம் புகைப்பட அடையாளம். நம் பாஸ்போர்ட்டே போதும். காலாவதியாகியிருந்தாலும் முகம் ஒத்துப்போனால் சரி. கல்லூரி அட்டை செல்லாது.

வாக்குச்சாவடி காலை 7 முதல் இரவு 10 வரை. வாசலில் ரோசெட் என்ற கட்சி ரிப்பன் பூவைக் குத்தியவர்கள் வாக்காளர் எண்ணைக் கேட்டால் பயப்பட வேண்டாம். யார் வந்து போட்டார்கள் என்று குறித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

உள்ளே மறைப்புக்குப் பின்னால் நூலில் கட்டிய குட்டைப் பென்சில். பென்சிலா என்று எனக்குத் தயக்கம். சொந்தப் பேனாவும் பயன்படுத்தலாம். ஒரே ஒரு பெயருக்கு எதிரே பெருக்கல் குறி, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டால் முடிந்தது. விரலில் மை கிடையாது.

இரவு 10 மணிக்கு டிவி முன்னால் உட்காருங்கள். அன்று வந்த எக்ஸிட் போல், அதாவது ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்களைக் கேட்டு எடுத்த கணிப்பு, 650 இடங்களில் லேபர் கட்சிக்கு 410 என்றது, கிடைத்தது 411. எங்கள் ஸ்ட்ராட்ஃபர்ட் அண்ட் போ தொகுதியில் நம் தமிழ்ப் பெண் உமா குமாரன் ஜெயித்தார். மறுநாள் காலை அதுவரை பிரதமராக இருந்த சுனக் டவுனிங் தெரு பிரதமர் இல்லத்தை விட்டுப் போக, மதியம் லேபர் தலைவர் ஸ்டார்மர் புதிய பிரதமராக அதே வாசலில் நின்று பேசினார். அலுவலகத்தில் இருந்தபடியே போனில் பார்த்தேன். மேசையில் பை, பைக்குள் அந்தப் பாஸ்போர்ட்.