குழந்தைகளோடு முதல் மலைநடை: திருமூர்த்தி மலையில் தொடங்கிக் கொல்லிமலை வரை

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று கொங்கில் எந்த ஊரில் இருந்தாலும், காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் ஏதாவது ஒரு மலையடிவாரத்துக்குப் போய்விடலாம். ஆனால் மலைக்குப் போவது என்றாலே காரில் வளைவு வளைவாக ஏறி, வியூ பாயிண்டில் போட்டோ எடுத்து, ஹோட்டலில் சாப்பிட்டுத் திரும்புவது என்று பழகிவிட்டோம். பிள்ளைகள் காலால் நடந்து மலையைப் பார்க்க வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறவன் நான். ஆறேழு வயதுப் பிள்ளையும் அறுபது தாண்டிய அம்மாயியும் இருக்கிற வீட்டுக்கு ஏற்ற மாதிரி, முதல் நடையை எப்படித் திட்டமிடுவது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: யார் மெதுவாக நடப்பார்களோ, அவர்களை வைத்துக் கணக்குப் போடுங்கள்

சமதளத்தில் பெரியவர்கள் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் நடப்போம். மலைப்பாதையில் சின்னப் பிள்ளையோடு மணிக்கு இரண்டு கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். அதனால் முதல் நடை போக ஒன்று, வர ஒன்று என்று மொத்தம் இரண்டு கிலோமீட்டர் போதும்.

அதற்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்க்க வேண்டும் என்றால் சென்னிமலைதான் என் தேர்வு. முருகன் கோயிலுக்கு 1,320 படிகள். மேலே வரை தார்ச்சாலையும் இருக்கிறது. பாதியில் யாருக்காவது முடியவில்லை என்றாலும் பயமில்லை. ஏறும்போது யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பதோடு, இறங்கும்போது யாருக்கு முழங்கால் வலிக்கிறது என்பதையும் கவனியுங்கள். வயசானவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சிரமம்.

படி 2: நாள் குறிப்பது

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு. இந்த மாதங்களில் அருவி பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் பிள்ளைகளோடு வேண்டாம். திருமூர்த்தி மலையில் அமாவாசை, சிவராத்திரி நாட்களில் கூட்டம் நெரியும். கொல்லிமலையில் ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும். சாமி கும்பிட அந்த நாட்கள் சரி, நடைக்கு வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: பையில் என்ன வைப்பது

தோளில் மாட்டுகிற பைதான் வேண்டும். கட்டைப்பை எடுத்தால் ஒரு கை அதற்கே போய்விடும். பாறையைப் பிடிக்க, பிள்ளையைப் பிடிக்க இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட், ஒரு துண்டு, பிள்ளைகளுக்கு ஒரு செட் மாற்றுத்துணி, டார்ச், கழுத்தில் மாட்டிவிட ஒரு விசில். காலுக்குப் புது ஷூ வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் பழகிய ஷூவே போதும்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம், கடலைமிட்டாய். குரங்குகள் இருக்கிற இடங்களில் பிளாஸ்டிக் கவர் சரசரவென்று சத்தம் போட்டாலே போதும், கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும். எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பைக்குள்ளேயே வையுங்கள். சாப்பிடுவது கீழே இறங்கி வந்த பிறகுதான்.

படி 4: திருமூர்த்தி மலை, பஞ்சலிங்க அருவி

உடுமலைப்பேட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். பஸ் உண்டு. தென்னந்தோப்புகளைத் தாண்டினதும் ஒரு பக்கம் திருமூர்த்தி அணை. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தில் மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர் கால்வாய் வழியாக இங்கே வந்து சேர்ந்துதான் பல்லடம், காங்கயம் பக்கத்து விளைநிலங்களுக்குப் பாய்கிறது. பிள்ளைகளுக்கு இதைக் கரையில் நின்றே சொல்லுங்கள். நம் ஊர் வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்தால் மறக்க மாட்டார்கள்.

அடிவாரத்தில் தோணியாற்றை ஒட்டி அமணலிங்கேஸ்வரர் கோயில். மும்மூர்த்தியும் ஒரே பாறையில் இருக்கிற சன்னதி. கும்பிட்டுவிட்டு அங்கிருந்து அருவிக்கு ஒரு கிலோமீட்டர் அளவில் ஏற்றம். முன்னால் ஒரு பெரியவர், அடுத்து பிள்ளைகள், கடைசியில் இன்னொரு பெரியவர் என்று போங்கள். கடைசி ஆள் யாரையும் முந்தக் கூடாது. ஆற்றைப் பார்த்த ஓரத்தில் பெரியவர் நடக்க வேண்டும், மலையை ஒட்டிய பக்கம் பிள்ளை.

கால் மணி நேரத்துக்கு ஒருதரம் நில்லுங்கள். "கண்ணு, கால் வலிக்குதா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் இல்லை என்றுதான் சொல்லும். முகத்தைப் பாருங்கள், பேச்சு நின்றுவிட்டதா என்று பாருங்கள். வளவளவென்று பேசிக்கொண்டு வந்த பிள்ளை அமைதியானால் களைத்துவிட்டது என்று அர்த்தம்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று: திரும்புகிற நேரத்தைக் கிளம்பும் முன்பே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிடுவது. ஒன்பது மணிக்கு ஏறினால், பத்தரைக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்பல். அருவி பத்து நிமிஷ தூரத்தில் இருந்தாலும் சரி.

படி 5: தண்ணீரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். கீழே சுள்ளென்று வெயில் அடிக்கும். மேலே காட்டில் எங்கோ கொட்டிய மழை கொஞ்ச நேரத்தில் வெள்ளமாக இறங்கும். திருமூர்த்தி மலையில் கோயிலையே வெள்ளம் சூழ்ந்துகொள்வது மழைக்காலத்தில் நடக்கிற விஷயம். அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தால் காவலரிடம் கெஞ்சாமல் திரும்புங்கள்.

தடை இல்லாத நாளிலும் தண்ணீரைத் தொட்டதும் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பாதி நனைந்தும் பாதி காய்ந்தும் இருக்கிற ஒரு பாறையைப் பிள்ளைகளிடம் காட்டி, "அந்தக் காய்ஞ்ச இடம் நனையுதான்னு பார்த்துக்கிட்டே இரு சாமி" என்று வேலை கொடுத்துவிடுங்கள். தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் சேர்ந்தாற்போல் மிதந்து வந்தாலும், சலசலப்பு மாறி அடித்தொண்டையில் உறுமுகிற மாதிரி கேட்டாலும் ஒரு நொடிகூட யோசிக்க வேண்டாம். துணி, செருப்பு, போன் எதையும் எடுக்க நிற்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். ஆற்றோரமாகவே கீழே ஓடாதீர்கள், வெள்ளமும் அதே வழியில்தான் வரும்.

அணைகளில் இறங்கவே வேண்டாம். பக்கத்து அமராவதி அணையில் முதலைகள் உண்டு. அங்கே இருக்கிற முதலைப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால், ஏன் இறங்கக் கூடாது என்று விளக்கம் சொல்லவே தேவையிருக்காது.

படி 6: அடுத்தது கொல்லிமலை

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி எடுக்கிற பிள்ளை இருந்தால் ராசிபுரம் பக்கம் முள்ளுக்குறிச்சி வழியைப் பாருங்கள், வளைவு குறைவு. மேலே போய்ச் சேர்ந்ததும் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு நடக்கத் தொடங்கலாம்.

கொல்லிமலை என்றதும் எல்லோரும் ஆகாய கங்கைக்குத்தான் ஓடுவார்கள். அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு விழுகிறது. பார்க்க வேண்டிய இடம்தான், சந்தேகமில்லை. ஆனால் இங்கே முதலில் இறக்கம், பிறகுதான் ஏற்றம். தெம்பாக இருக்கும்போது துள்ளிக் குதித்து இறங்கிய பிள்ளை, குளித்துப் பசியோடு இருக்கும்போது அத்தனை படியும் ஏற வேண்டும். பத்து வயதுக்குக் கீழே இருந்தால் முதல் தடவை மாசிலா அருவிக்கும் வாசலூர்ப்பட்டி படகுத்துறைக்கும் போங்கள். மிளகுக்கொடி சுற்றிய மரங்களைப் பார்த்துக்கொண்டே ஊருக்குள் நடப்பதே பிள்ளைகளுக்குப் போதும். ஆகாய கங்கைக்குப் போவதாக இருந்தால் காலையிலேயே இறங்கிவிட வேண்டும், மதியத்துக்கு மேல் வேண்டாம்.

நடக்க முடியாத பெரியவர்கள் கூட வந்தால் ஏற்காடு சுலபம். ஏரியை ஒட்டிய ரோட்டில் அவரவர் வேகத்தில் நடக்கலாம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதால் சேலத்து வெயில் அங்கே தெரியாது, ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 7: காட்டுக்குள் போக ஆசை வந்தால்

வால்பாறையை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஆழியாறிலிருந்து 40 வளைவு, ஒன்பதாவது வளைவில் வரையாடு, வழியெல்லாம் தேயிலை என்று கண்ணுக்கு நிறைவுதான். ஆனால் அது யானையும் சிறுத்தையும் நடமாடுகிற ஊர். தேயிலைக் காட்டுக்குள் பிள்ளைகளை ஓடவிட்டுப் போட்டோ எடுப்பது கூடவே கூடாது. பொழுது சாய்வதற்குள் அறைக்கு வந்துவிட வேண்டும். மழை நாளில் அட்டை ஏறினால் பிய்த்து இழுக்காமல், நகத்தை வாய்ப்பக்கம் கொடுத்து நெம்பித் தள்ளி, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

காப்புக்காட்டுக்குள் நடப்பதற்கு வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிப் பலர் இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறது. ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டி கூட வருவார். எளிது என்று போட்டிருப்பதை மட்டும் எடுங்கள். மொத்த தூரம், வயது வரம்பு இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள் என்பதால், பிப்ரவரி நடுவுக்கு முன்பே தேதி குறித்துக்கொள்வது நல்லது.