பருவந்தோறும் ஒரே இடத்துக்கு: வீட்டில் கற்கும் குழந்தையின் செயல்வழிக் கற்றலும் குடும்பப் பயணமும்

வீட்டிலேயே கல்வி கற்கும் குழந்தையை வெளியே அழைத்துச் செல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய இடத்தைத் தேடுகின்றன. புதிய இடம் மகிழ்ச்சி தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மூன்று மாதங்களுக்கு முன் எப்படி இருந்தது என்று தெரியாத குழந்தையால் அங்கே எதையும் ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாதபோது கேள்வியும் பிறப்பதில்லை. ஆகவே, ஓர் ஆண்டுக்கு ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, பருவம் மாறும்போதெல்லாம் அங்கேயே திரும்பிச் செல்லுங்கள் என்பதே நான் உறுதியாகப் பரிந்துரைக்கும் முறை. வீட்டில் செய்யும் கைவேலைகளும் அந்த இடத்தையே நோக்கி அமைய வேண்டும்.

இடம் பெரிதாக இருக்கத் தேவையில்லை. நீரும் மரமும் சிறிது வெட்டவெளியும் இருந்தால் போதும். ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய தொலைவில் இருப்பது நல்லது. பயணக் களைப்போடு இறங்கும் குழந்தை எதையும் கூர்ந்து பார்ப்பதில்லை. நாள்களை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் ஆகிய நான்கு மாதங்களிலும் 21ஆம் தேதியை ஒட்டிய ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தால், பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் நாள்களும், பகல் மிக நீண்டோ குறுகியோ இருக்கும் நாள்களும் தாமாகவே பாடத்துக்குள் வந்துவிடும்.

பயணத்துக்கு முந்தைய வாரம், அங்கே பயன்படப்போகும் கருவியைக் குழந்தையே செய்யட்டும். மழைக்காலமென்றால் மழைமானி. பக்கங்கள் நேராக உள்ள நெகிழிப் புட்டியின் கழுத்துப் பகுதியை வெட்டி, அதைத் தலைகீழாகப் புனல்போல உள்ளே பொருத்த வேண்டும். புட்டியின் அடிப்பகுதி வளைந்திருப்பதால் அங்கே கூழாங்கற்களைப் போட்டு, நேரான பக்கம் தொடங்கும் இடம்வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியமாகக் கொண்டு மில்லிமீட்டர் கோடுகளை வரையலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். இதை அறிந்த குழந்தையால், 40 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 400 லிட்டர் நீர் இறங்கும் என்று தானே கணக்கிட முடியும். பெருக்கல் வாய்பாட்டுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. இடிமழையின்போது வீட்டுக்குள் இருந்தபடி, மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் வெட்டியது என்பது கிடைக்கும். ஆனால் வெளியில் இருக்கும்போது இடியோசை கேட்டால், எண்ணிக்கொண்டு நிற்காமல் உடனே கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ சென்றுவிட வேண்டும்.

இடத்தை அடைந்ததும் முதல் அரை மணி நேரம் எந்தப் பணியும் கொடுக்காதீர்கள். குழந்தை ஓடட்டும், குந்தி உட்காரட்டும், கல்லைப் புரட்டிப் பார்க்கட்டும். புரட்டிய கல்லைப் பழையபடியே வைக்க வேண்டும் என்பதும், உயிருள்ள எதையும் எடுத்துவரக் கூடாது என்பதும் மட்டுமே அங்கே விதிகள். பிறகு, முதல் பயணத்திலேயே தேர்ந்தெடுத்த மரத்திடம் செல்லுங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நூலைச் சுற்றி அதன் சுற்றளவை அளக்க வேண்டும். பின்னர் 1 மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழலையும் மரத்தின் நிழலையும் அடுத்தடுத்து அளக்க வேண்டும். குச்சியின் நிழல் 0.8 மீட்டரும் மரத்தின் நிழல் 9.6 மீட்டரும் இருந்தால், மரத்தின் உயரம் 12 மீட்டர். தரை சமமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும். சரிவான தரையில் விடை ஏன் மாறுகிறது என்பதைக் குழந்தை தானே கண்டுபிடிக்க விடுங்கள்.

விதைகள் முற்றும் காலத்தில், காலணிக்கு மேல் பழைய காலுறையை அணிவித்துக் காய்ந்த புல்வெளியில் நடக்கவிடலாம். வீடு திரும்பியதும் அந்தக் காலுறையை ஈரமண்ணில் கிடத்தித் தண்ணீர் தெளித்து வந்தால், அதில் ஒட்டிவந்த விதைகள் முளைப்பதைக் காணலாம். விலங்குகளின் உடலில் ஒட்டிக்கொண்டு விதைகள் பரவும் விதம் விளக்கமின்றியே புரிந்துவிடும்.

நான்கு பயணங்களிலும் தவறாமல் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டென்றால், அது நண்பகல் நிழலை அளப்பதுதான். முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 1 மணிவரை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே 1 மீட்டர் குச்சியின் நிழல் நுனியில் ஒரு சிறு கல்லை வைக்கச் சொல்லுங்கள். மிகக் குறுகிய நிழல் விழும் நேரமே அந்த இடத்தின் உண்மையான நண்பகல். கடிகாரத்தின் 12 மணியோடு அது பெரும்பாலும் பொருந்தாது என்பதால், சில ஊர்களில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் காத்திருக்க நேரும். அந்தக் குறுகிய நிழல் வடக்கு தெற்காக விழும் என்பதால் திசைகாட்டி இல்லாமலே திசையும் தெரிந்துவிடும். நிலநடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 23.4 டிகிரிக்குள் வாழ்பவர்கள், ஆண்டில் இரு நாள்கள் நிழல் ஏறத்தாழ மறைந்துபோவதையும் காணலாம். இவற்றையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். நான்கு பருவங்களின் நிழல் நீளங்களையும் சுவரில் ஒட்டிய ஒரே தாளில் கோடுகளாக வரைந்து வைத்தால், ஏன் இந்த வேறுபாடு என்ற கேள்வி குழந்தையிடமிருந்தே வரும். பூமியின் அச்சுச் சாய்வைப் பற்றிப் பேச அதுவே சரியான நேரம்.

குழந்தைக்குக் கோணமானியைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தால் இன்னும் ஓர் அடி முன்னே செல்லலாம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ், தெற்கே சயீன் நகரில் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும் நாளின் நண்பகலில், தம் ஊரில் அது ஒரு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 டிகிரி, சாய்ந்திருப்பதைக் கண்டார். எனவே இரு நகரங்களுக்கும் இடையிலான தொலைவைப்போல ஐம்பது மடங்கே பூமியின் சுற்றளவு என்று கணித்தார். இதே சோதனையை வடக்கிலோ தெற்கிலோ தொலைவில் வாழும் உறவினர் வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து செய்யலாம். இருவரும் ஒரே நாளில் தத்தம் ஊரின் மிகக் குறுகிய நிழலை அளந்து, குச்சியையும் நிழலையும் தாளில் பத்தில் ஒரு பங்காக வரைந்து, குச்சியின் உச்சியில் உள்ள கோணத்தை அளக்க வேண்டும். இரு ஊர்களிலும் நிழல் ஒரே திசையில் விழும் நாளில், ஒரு கோணத்திலிருந்து மற்றதைக் கழித்தால் போதும். வடக்கு தெற்காக 400 கிலோமீட்டர் இடைவெளிக்கு 3.6 டிகிரி வேறுபாடு கிடைத்தால், சுற்றளவு 40,000 கிலோமீட்டர். அரை டிகிரி பிசகினாலும் விடை ஐந்தாறாயிரம் கிலோமீட்டர் நகர்ந்துவிடும். அப்பிழையைத் தேடி மீண்டும் அளப்பதும் பாடத்தின் ஒரு பகுதியே.

எதிர்பார்த்தது கிடைக்காத பயணங்களும் வரும். சென்ற முறை தவளைகள் நிறைந்திருந்த ஓடை இம்முறை வறண்டு கிடக்கலாம். அப்போது வேறு இடத்துக்குக் கிளம்பிவிடாமல், நீர் எதுவரை நின்றிருந்தது, எந்தச் செடிகள் இன்னும் பசுமையாக உள்ளன, ஈரம் எத்தனை விரற்கடை ஆழத்தில் தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள். நிறைந்த ஓடையைவிட வறண்ட ஓடை அதிகம் சொல்லும் என்பது என் கருத்து.

பதிவுகளுக்குத் தடித்த தாள் கொண்ட ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். பேனாமை ஈரத்தில் கரையக்கூடும். தேதி, நேரம், வானிலை, ஓர் ஓவியம், அன்றைய அளவுகள், விடை தெரியாத ஒரு கேள்வி ஆகியவை ஒவ்வொரு பக்கத்திலும் இடம்பெறட்டும். சிறிய குழந்தை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அதன் சொற்களைத் திருத்தாதீர்கள். வீட்டுக்கல்விக்குச் சான்று கேட்கும் நாடுகளில் இந்தக் குறிப்பேடே நல்ல ஆவணமாகும். பத்து வயதை எட்டிய பிள்ளையிடம் அடுத்த பயணத்தின் திட்டத்தையே ஒப்படைத்துவிடலாம்: வானிலை முன்னறிவிப்பைப் பார்ப்பதும், கருவிகளின் பட்டியலை எழுதுவதும், பழைய பக்கங்களைப் புரட்டி இம்முறை விடை தேட வேண்டிய கேள்வியைத் தேர்வதும் அந்தப் பிள்ளையின் பொறுப்பு, வண்டியை எடுப்பதும் முதலுதவிப் பெட்டியைச் சரிபார்ப்பதும் உங்களுடையது.