மூலகக் குறியீட்ட சப்பிப் பாடமாக்காம மனசில நிப்பாட்டுற வழி

ஓஎல் பரீட்சை எழுதப்போற தம்பி தங்கச்சிமாருக்காக எழுதுறன். போன கிழமை ஒரு பிள்ளை பொற்றாசியத்துக்கு பிஓ, சோடியத்துக்கு எஸ்ஓ எண்டு எழுதிக்கொண்டு வந்தா. பிழைதான், பிஓ எண்டா பொலோனியம், ஆனா பிள்ளை யோசிச்சித்தான் எழுதியிரிக்கா, பேர்ட முதல் ரெண்டு எழுத்தயும் எடுத்திரிக்கா, எந்த பாஷைப் பேர் எண்டுதான் தெரியாமப் போச்சி.

அதால முதல் வேலை, குறியீடு இங்கிலீசுப் பேரோட ஒத்துப்போகுதா எண்டு பாருங்க. முக்கால்வாசி ஒத்துப்போகும், அதுகள விடுங்க. ஒத்துப்போகாதது பதினொண்டுதான்: சோடியம், பொற்றாசியம், இரும்பு, செம்பு, வெள்ளி, வெள்ளீயம், அந்திமனி, தங்குதன், தங்கம், இரசம், ஈயம். இந்தப் பதினொண்டையும் ஒரு கொப்பியில எழுதி, பக்கத்தில பழைய பேரையும் அதுட கருத்தையும் போடுங்க.

பொற்றாசியத்த எடுப்பம். படுவான்கரையில வயல் செய்யிற வீடெண்டா உரபேக் கிடக்கும்தானே, அதில என் பி கே எண்டு இரிக்கிற கே இதுதான். அரபியில கலி எண்டா செடி எரிச்ச சாம்பல், அதில இருந்து வந்த லத்தீன் பேர் காலியம், அதான் கே. இங்கிலீசுப் பேரும் சாம்பல்தான், சாம்பலத் தண்ணியில கரைச்சி சட்டியில வத்தவெச்சி எடுத்ததுக்கு பொட்டாஷ் எண்டு பேர், அதில இருந்து 1807ல இங்கிலாந்து விஞ்ஞானி ஹம்ப்றி டேவி மின்சாரம் விட்டு உலோகத்தப் பிரிச்சாரு. எங்கட அம்மம்மா அடுப்புச் சாம்பல நனைச்சி குடம் தேய்க்கக்குள்ள கை வழுவழு எண்டு இரிக்கும், அந்த வழுவழுப்பு சாம்பல்ல இரிக்கிற பொற்றாசியம் காபனேற்றாலதான். இதத் தெரிஞ்ச பிள்ளைக்கு கே மறக்காது.

இரசத்துக்கு எச்ஜி, ஹைட்ரார்ஜிரம், தண்ணி மாதிரி ஓடுற வெள்ளி எண்டு கருத்து. செம்பு சீயூ, சைப்ரஸ் தீவுட பேர். ஈயமும் வெள்ளீயமும் குழம்பினா ரேடியோ திருத்துற கடையில பழைய சோல்டர் கம்பி ரீலப் பாருங்க, எஸ்என் பிபி 60/40 எண்டு இரிக்கும், எஸ்என் வெள்ளீயம், பிபி ஈயம்.

இந்த எழுத்துமுறை சுவீடன் விஞ்ஞானி பெர்சீலியஸ்ட வேலை, 1813, 1814ல கொண்டுவந்தாரு. ஒரே எழுத்தில கனபேர் தொடங்கினா ரெண்டாவது எழுத்தும் சேரும், காபன் சீ, கல்சியம் சீஏ. முதல் எழுத்து கபிட்டல், ரெண்டாவது சிம்பிள். இதில கவனமா இரிங்க, சீயும் ஓவும் கபிட்டல்ல எழுதினா காபனோரொட்சைட்டு, ஓவ சிம்பிள்ல எழுதினா கோபாற்று.

புதுசு கண்டுபிடிச்சா பேர கண்டுபிடிச்ச ஆக்கள் சொல்லுவாங்க, ஐயூபேக் எண்ட சர்வதேச அமைப்பு ஏத்துக்கொள்ளணும். இடம், விஞ்ஞானி, தாதுப்பொருள், புராணக்கதை, மூலகத்துட குணம், இதுகள்ல ஒண்டிலதான் வெக்கலாம். 2016ல நாலு பேர் வந்திச்சி, அதில 113ஆம் இலக்க மூலகம் நிஹோனியம், ஜப்பான்காரங்க தங்கட நாட்டச் சொல்ற பேரில இருந்து வந்தது. எங்கட நாட்டுப் பேரில ஒரு மூலகமும் இல்ல, ஆனா 1789ல ஜேர்மன் விஞ்ஞானி கிளாப்ரோத் சேர்க்கோனியத்தக் கண்டது இலங்கையில இருந்து போன ஒரு கல்லுலதான், எனக்கு அது பெரிய சந்தோசம்.

பேர் வைக்கும்வரைக்கும் மூலகத்துட இலக்கத்தயே லத்தீன், கிரேக்கச் சொல்லுல சொல்லுவாங்க. சைபர் நில், ஒண்டு அன் (இங்கிலீசில யூஎன்), ரெண்டு பை. கடைசியில இயம் சேர்த்தா 120 அன்பைநிலியம், ஒவ்வொரு சொல்லுட முதல் எழுத்தயும் எடுத்தா குறியீடு யூபிஎன். மூண்டு ட்ரை, நாலு குவாட், இப்ப 124ஐ நீங்களே எழுதிப் பாருங்க.