மலையேறப் பொருள் வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

போன கார்த்திகையில் திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை ஏறினோம். பாறையில் கடப்பாறைகளை அடித்து வைத்திருக்கும் கடப்பாறைப் படிக்குக் கொஞ்சம் கீழே என் வலது ஷூவின் அடிப்பாகம் குதிகால் பக்கம் பிளந்துகொண்டது, பத்து நிமிடத்தில் இடது ஷூவும் அதேபோல வாயைத் திறந்துவிட்டது. கூட வந்த மாமா பையன் பையில் இருந்த நைலான் கயிற்றை அறுத்து, "மச்சான், காலை அசைக்காதே" என்று இரண்டு ஷூவையும் சுற்றிக் கட்டிவிட்டான். அப்படியே இறங்கி வந்தேன். அந்த ஷூ வாங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது, ஆனால் மொத்தமே ஐந்து தடவைதான் போட்டிருப்பேன். நல்ல விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று அட்டைப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன்.

என் சித்தப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில், அதாவது ஷூவின் மேல்பாகத்தை அச்சில் ஏற்றி இழுக்கும் இடத்தில், இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். பிளந்த ஷூவை அவரிடம் காட்டினேன். கட்டைவிரலால் நடுப்பகுதியை ஒரு அழுத்து அழுத்தினார், பிஸ்கட் தூள் மாதிரி உதிர்ந்தது. "நீ போட்டாலும் போடாட்டியும் இதுக்கு வயசு ஏறிட்டேதான்டா இருக்கும்" என்றார்.

நிறையப் பேர் செய்யும் முதல் தவறு இதுதான். மலையேறும் ஷூக்களில் தரையைத் தொடும் ரப்பருக்கும் மேல்பாகத்துக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஓர் அடுக்கு இருக்கும். பல ஷூக்களில் அது பாலியூரித்தேன். காற்றில் உள்ள ஈரம் உள்ளே போய் அந்தப் பொருளின் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே இருக்கும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். சூடும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும், அதனால் நம் ஊர் அலமாரி அதற்குக் கெட்ட இடம். வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும், உள்ளே உளுத்திருக்கும். இ.வி.ஏ. என்கிற இன்னொரு வகை மெத்தை இப்படி உதிராது, ஆனால் நடக்க நடக்கத் தட்டையாகிவிடும். ஆகவே பாதி விலைக்குத் தருகிறார்கள் என்று பழைய ஸ்டாக்கை வாங்காதீர்கள், நாக்குப் பட்டையின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் தயாரித்த மாதம் இருக்கிறதா என்று பாருங்கள். வருஷக்கணக்கில் போடாமல் இருந்த ஷூவை நேராக மலைக்கு எடுத்துப் போகாமல், முதலில் வேலூர் கோட்டை அகழியைச் சுற்றி நாலு நாள் நடந்து பார்த்துவிட்டுப் போங்கள். பிஸ்கட் பாக்கெட்டில்கூடத் தேதி பெரிதாக இருக்கிறது, பாறைச் சரிவில் நம் உயிரைத் தாங்கப்போகிற ஷூவில் அது ஏன் எறும்பு சைஸில் இருக்க வேண்டும்? மலையேறுபவர்கள் எல்லோரும் கேட்க வேண்டிய முதல் மாற்றம் இது. இரண்டாவது, அடிப்பாகம் மட்டும் கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ள வழி. வெறும் பசையால் ஒட்டிய ஷூக்களில் அது லேசில் முடியாது, தைத்துச் செய்தவற்றில் முடியும்.

வாட்டர்ப்ரூஃப் என்ற சொல்லுக்கு மயங்குவது

கடையில் போய் "மலைக்கு ஷூ" என்று கேட்டால் உடனே வாட்டர்ப்ரூஃப் ஷூவைத்தான் எடுத்துக் காட்டுவார்கள், விலையும் கூட. மழையும் சேறும் பனியும் உள்ள நாடுகளில் அதற்கு வேலை உண்டு, நான் மறுக்கவில்லை. அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட மெல்லிய சவ்வு இருக்கிறது, நீர்த்துளி அதில் நுழையாது, ஆவி மட்டும் வெளியேறும் என்பது கணக்கு. ஆனால் ஆவி தானாக வெளியே போய்விடாது. உள்ளே சூடும் ஈரமும் அதிகமாக, வெளியே குறைவாக இருந்தால்தான் அது வெளிப்பக்கம் நகரும். வேலூர் வெயிலில், அதுவும் ஆடி ஆவணி மழைக்கு நடுவே புழுங்கும் நாட்களில், வெளியேயும் அதே நிலைமைதான். அப்போது அந்தச் சவ்வு சும்மா ஒரு பிளாஸ்டிக் பை. காலுக்குள் வியர்வை தேங்கி, தோல் ஊறி, பகல் பதினோரு மணிக்குள் கொப்புளம் வந்துவிடும். இன்னொன்று, ஓடையில் இறங்கி மேல்வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் அந்த ஷூ அன்று முழுக்கக் காயாது.

நம் மலைகளுக்குக் காற்று புகும் வலைத்துணி ஷூதான் சரி. நனையும், ஆனால் நடக்க நடக்கக் காய்ந்துவிடும். அதிலும் ஒரு குறை இருக்கிறது. வலை பெரிதாக இருந்தால் ஜவ்வாது மலைப் புல்வெளியில் ஊசிப்புல்லின் விதைகள் அதற்குள் குத்தி நுழைந்து, சாக்ஸைத் தாண்டிக் காலைக் குத்திக்கொண்டே இருக்கும், பத்தடிக்கு ஒரு தரம் உட்கார்ந்து பிடுங்க வேண்டும். நெருக்கமாகப் பின்னிய, ஆனால் காற்று போகிற வலை வேண்டும் என்று நான் தேடாத கடை இல்லை. சாக்ஸையும் குட்டையாக வாங்காதீர்கள், கணுக்காலுக்கு மேலே நாலு விரல் ஏறியிருக்கட்டும்.

காலுக்குப் பொருந்தாத அச்சு

ஷூவை ஒரு அச்சின் மேல்தான் உருவாக்குகிறார்கள், தொழிலில் அதை லாஸ்ட் என்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோலும் ஷூவும் தயாராகி ஐரோப்பாவுக்குப் போகின்றன. அதனால் அச்சும் ஐரோப்பியக் காலுக்கானது. நாமோ பாதி வாழ்க்கை செருப்பிலும் வெறுங்காலிலும் நடந்தவர்கள், பலருக்கு முன்பாதம் அகலம். அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்து பார்த்தது, நம்மவர் கால் பொதுவாக ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட அகலம் என்று தெரிய வந்து, இந்தியாவுக்கென்று தனி அளவு முறையையே பரிந்துரைத்திருக்கிறார்கள். அது மலையேறும் ஷூ வரைக்கும் சீக்கிரம் வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. இப்போதைக்கு அகலம் போதாததை ஈடுகட்ட நாம் நீளத்தில் ஒரு சைஸ் கூட்டி வாங்குகிறோம், அப்புறம் குதிகால் உள்ளே ஆடி அங்கே தோல் உரிகிறது.

வாங்கும் நேரமும் முக்கியம். காலையில் போய் வாங்காதீர்கள், நடந்து நடந்து கால் லேசாக வீங்கியிருக்கும் சாயங்காலத்தில், மலைக்குப் போடப்போகிற அதே சாக்ஸோடு போங்கள். கயிற்றை இறுக்கிக் கட்டி, கடையின் மாடிப்படியில் இறங்கிப் பாருங்கள். விரல் நுனி முன்னால் இடித்தால் அந்த ஷூ வேண்டாம். ஏறும்போது ஒன்றும் தெரியாது, பர்வதமலை போன்ற செங்குத்தில் இறங்கும்போதுதான் ஒவ்வொரு படிக்கும் நகம் இடிபட்டு வீட்டுக்கு வருவதற்குள் கறுத்துவிடும்.

அடிப்பாகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1935இல் இத்தாலியில் மலையேறப் போன ஆறு பேர் இறந்தார்கள், காலில் போட்டிருந்தது அந்தச் சூழலுக்கு ஏற்றதாக இல்லை என்பது ஒரு காரணம். அந்தக் குழுவோடு தொடர்புடைய விட்டாலே பிராமானி என்பவர் அதற்குப் பிறகு உருவாக்கியதுதான் ஆழமாக வெட்டுப்பள்ளம் வைத்த ரப்பர் அடி, அவர் பெயரைச் சுருக்கித்தான் விப்ரம் என்ற பெயரே வந்தது. அந்தப் பள்ளங்கள் சேற்றுக்கும் மண்ணுக்கும் அருமையானவை. ஆனால் நம் பக்கத்து மலைகளில் பெரும்பாலும் வழுவழுப்பான பாறை, அங்கே பள்ளத்தைவிட ரப்பரின் மென்மைதான் பிடிமானம் தரும். கெட்டி ரப்பர் வருஷக்கணக்கில் உழைக்கும், ஈரப்பாறையில் வழுக்கும். மென்மையான ரப்பர் பிடிக்கும், சீக்கிரம் தேய்ந்துவிடும். இரண்டும் ஒன்றாக வேண்டும் என்பது எல்லோருடைய ஆசையும்தான், கிடைக்கும் வரை மென்மையானதை எடுத்துக்கொண்டு அடிக்கடி மாற்றுவதே பாதுகாப்பு என்பது என் கருத்து. கூடவே முள். அடிவாரம் வரைக்கும் சீமைக் கருவேலம்தான், அதன் முள் மெத்தென்ற ஓட்டப்பயிற்சி ஷூவின் அடியைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிடும். நடுவே மெல்லிய கெட்டித் தகடு வைத்த ஷூக்கள் உண்டு, வாங்கும்முன் அதைக் கேளுங்கள்.

பையும் தண்ணீரும்

ஒருநாள் ஏற்றத்துக்கு 20 லிட்டர் பை போதும். 50, 60 லிட்டர் வாங்கினால் காலி இடத்தைப் பார்த்து எதையாவது திணிப்போம். ஏலகிரி சுவாமிமலைக்கு அடுப்பும் பாத்திரமும் சுமந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் தண்ணீரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, கனம்தான், ஆனாலும் வெயிலில் ஏறும்போது மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை தேவைப்படும். கோடையில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது எல்லா வருஷமும் நடப்பதுதான், பாறை அதற்கு மேல் கொதிக்கும். கூட உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு.

குழாய் வைத்த தண்ணீர்ப் பையை இப்போது பலர் வாங்குகிறார்கள். வசதிதான், உறிஞ்சிக்கொண்டே நடக்கலாம். ஆனால் உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பையை இறக்காமல் தெரியாது, இன்னும் நிறைய இருக்கும் என்று நினைத்துக் குடித்துக்கொண்டே போய் பாதி வழியில் காற்று வரும். வெயிலில் குழாயில் நிற்கும் தண்ணீர் கொதித்துப்போய் முதல் வாய் நாக்கைச் சுடும். கழுவிக் காயவைக்காவிட்டால் உள்ளே பூசணம். மிச்சத்தைத் தோளிலேயே காட்டும் அளவி ஒன்று வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அதுவரை நான் இரண்டு சாதா பாட்டில்தான், அதில் ஒன்றை இறங்கும் வரை தொடுவதில்லை. பையின் பக்கவாட்டுப் பாட்டில் பாக்கெட்டை, பையை மாட்டிக்கொண்டே கை எட்டி எடுத்து, திரும்பச் சொருகிப் பார்த்து வாங்குங்கள், பாதிப் பைகளில் எடுக்க வரும், திரும்ப வைக்க வராது.

இடுப்புப் பட்டை அலங்காரத்துக்கு இல்லை. அது தொப்பை மேல் இல்லாமல் இடுப்பு எலும்பின் மேல் உட்கார்ந்தால்தான் பாரம் தோளிலிருந்து இறங்கும். என் அக்கா இதைத்தான் எப்போதும் குறை சொல்வாள், ஆண்கள் முதுகு நீளத்துக்குத் தைத்த பையில் பட்டை அவளுக்குத் தொடைவரை இறங்கிவிடுகிறது. பெண்களுக்கான மலையேற்றப் பேண்ட்டிலோ இரண்டு விரல்கூட நுழையாத பாக்கெட். நிறத்தை மட்டும் மாற்றிவிட்டுப் பெண்களுக்கானது என்று விற்பதை நிறுத்தி, உடம்பை அளந்து தைக்க வேண்டும். மழைக்கு, மேலே போடும் உறையை மட்டும் நம்பாதீர்கள், முதுகுப்பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கும். பைக்கு உள்ளே ஒரு தடித்த பாலித்தீன் கவரை விரித்து அதற்குள் சாமானை வையுங்கள், செலவு பத்து ரூபாய்.

துணி விஷயத்தில், "பருத்தி கூடவே கூடாது" என்று எல்லோரும் சொல்வது குளிர்மலைக்கான பாடம். ஈரப் பருத்தி உடம்புச் சூட்டை இழுத்துவிடும் என்பதால் அங்கே அது ஆபத்து. நம் பகல் வெயிலில் அந்த ஈரம்தான் குளிர்ச்சி தருகிறது. நனைத்துக் கழுத்தில் போட்ட ஒரு காடாத் துண்டு செய்கிற உதவியை விலை உயர்ந்த எந்தப் பாலியஸ்டரும் எனக்குச் செய்ததில்லை. ஆனால் உள்ளாடை பருத்தியாக இருந்தால் தொடை உரசிப் புண்ணாகும், அது மட்டும் சீக்கிரம் காயும் துணியாக இருக்கட்டும். மார்கழியில் ஜவ்வாது மலையில் இரவு தங்குவதானால் மாற்றிக்கொள்ள உலர்ந்த துணி கட்டாயம். தூங்கும் பை வாங்குபவர்கள் அதில் பெரிதாகப் போட்டிருக்கும் குளிர் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவு வேறு, உயிர் மட்டும் தப்பும் அளவு வேறு, சிலர் இரண்டாவதைத்தான் பெரிதாக அச்சடிக்கிறார்கள்.

விளக்குக்குப் போனை நம்பாதீர்கள். வழி, போட்டோ, விளக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரி என்றால் முதலில் சாவது விளக்குதான், அதோடு ஏணிப் படியில் உங்களுக்கு இரண்டு கையும் வேண்டும். நெற்றி விளக்கு வாங்கும்போது "100 மணி நேரம்" என்று போட்டிருந்தால், சோதனை முறைப்படி அது வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். பைக்குள் பொத்தான் அழுந்தி எரிந்தே தீர்ந்துபோகும் விளக்குகள் இன்னும் வருகின்றன, பூட்டு வசதி இல்லாததை வாங்கவே வேண்டாம். ஊன்றுகோலில் திருகி இறுக்கும் வகைக்குள் மணல் புகுந்தால் பாரம் கொடுக்கும் நேரத்தில் உள்ளே இறங்கிவிடும், நெம்பிப் பூட்டும் வகை மேல். நுனியில் இரும்பு தெரிந்தால் பாறையில் சறுக்கும், ரப்பர் குல்லாவைப் போட்டு, இன்னொரு ஜோடி கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளந்த அந்த ஷூவைச் சித்தப்பா உடனே திருப்பித் தரவில்லை. மெத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு, தெரிந்த ஒருவரிடம் சொல்லிப் புது அடி வைத்துத் தைத்துக் கொடுத்தார், கூடவே முன்பாதத்தை அச்சில் ஏற்றிக் கொஞ்சம் அகலமாக இழுத்தும் விட்டார். தை மாதம் வள்ளிமலைக்கு அதைத்தான் போட்டுப் போனேன், சுண்டுவிரல் இடிக்கவே இல்லை. இத்தனை கைத்திறன் உள்ள ஊரில், நம் காலுக்கும் நம் பாறைக்கும் என்று ஒரு ஷூவை இங்கேயே செய்து இங்கேயே விற்கலாமே என்று அவரிடம் கேட்டேன். "கேக்கறவங்க கேட்டா செய்வாங்கடா, யாரும் இதுவரைக்கும் கேக்கலையே" என்றார்.